நாய்க்குட்டிக்கும் பூனைக்கும் காப்பீடு: பிரீமியம் குறைந்ததை எடுப்பதா, ஆயுள்கால பாலிசியா?

லேப்குட்டி:

வணக்கம். வீட்டில் 4 மாத லேப்ரடார் பெண் குட்டி ஒன்று, கருத்தடை செய்த 6 வயது ஆண் பூனை ஒன்று. இரண்டுக்கும் காப்பீடு எடுக்க வேண்டும். குட்டிக்கு இரண்டு கொட்டேஷன் கையில் இருக்கிறது. எந்த நாட்டு நாணயம் என்பதை விட்டுவிட்டு எண்களை மட்டும் தருகிறேன், ஒப்பிட அது போதும்.

பாலிசி அ: மாத பிரீமியம் 600. ஆண்டு வரம்பு 2,00,000. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி டிடக்டிபிள் (பில்லில் நாமே கட்ட வேண்டிய முதல் தொகை) 3,000. அதற்கு மேல் உள்ளதில் 80 சதவீதம் தருவார்கள். "ஒரு நோய்க்கு 12 மாதம் வரை" என்று ஒரு வரி இருக்கிறது.

பாலிசி ஆ: மாத பிரீமியம் 950. ஆண்டு வரம்பு 1,50,000. ஆண்டு முழுமைக்கும் ஒரே டிடக்டிபிள், 6,000. அதற்கு மேல் 80 சதவீதம். "ஆயுள்கால பாலிசி" என்று போட்டிருக்கிறது.

அ-வில் பிரீமியமும் குறைவு, வரம்பும் அதிகம். அப்படியிருந்தும் ஆ-வை எடு என்று பலர் சொல்வது ஏன்?

பூனைக்கு ஒன்பது மாதம் முன்பு சிறுநீரில் ரத்தம் வந்தது. ஒரு வாரம் மருந்து கொடுத்ததில் சரியாகிவிட்டது. இதை விண்ணப்பத்தில் எழுதினால் பாலிசியே கிடைக்காதா? கடைசியாக, தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் சுத்தம் இவற்றுக்கான "வெல்னெஸ்" இணைப்புக்கு மாதம் 250 கூடுதலாகக் கேட்கிறார்கள். எடுக்கலாமா?

---

வாலாட்டி:

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் "12 மாதம் வரை" என்ற வரிதான் உங்கள் கேள்விக்கு விடை. மற்ற எண்களையெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

செல்லப்பிராணிக் காப்பீட்டில் நோய்ச் செலவைத் தரும் விதம் பெரும்பாலும் நாலு வகை. விபத்துக்கு மட்டும் தருவது முதல் வகை. ஒரு நோய்க்கு இத்தனை மாதம் என்று காலக்கெடு வைப்பது இரண்டாவது, உங்கள் அ அந்த ரகம். ஒரு நோய்க்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவு என்று தொகைக்கெடு வைப்பது மூன்றாவது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் வரம்பு மறுபடி முழுதாகி, பழைய நோய்க்கும் தொடர்ந்து தருவது நாலாவது. உங்கள் ஆ அதுதான். ஆனால் "ஆயுள்கால" என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். முந்தைய ஆண்டில் கிளைம் செய்த நோய் புதுப்பித்த பிறகும் தொடர்ந்து அடங்கும் என்று ஒப்பந்தத்தில் வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்த வித்தியாசம் விபத்தில் தெரியவே தெரியாது. கால் முறிந்து பில் 90,000 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அ: (90,000 − 3,000) × 80% = 69,600. ஆ: (90,000 − 6,000) × 80% = 67,200. அ-வே மேல்.

அதே குட்டிக்கு 2 வயதில் தோல் ஒவ்வாமை வருகிறது. லேப்ரடாருக்கு இது அடிக்கடி வரும். குணமாகிப் போய்விடுகிற நோயும் இல்லை, ஆயுள் முழுக்க மாத்திரை, ஊசி, காதுச் சொட்டு மருந்து என்று கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியது. ஆண்டுச் செலவு 30,000 என்று கொள்வோம். அ முதல் ஆண்டு (30,000 − 3,000) × 80% = 21,600 தரும். 12 மாதம் முடிந்ததும் கதவு சாத்தப்படும். இரண்டாம் ஆண்டிலிருந்து அந்தத் தோல் நோய்க்கு அங்கே ஒன்றும் கிடையாது. ஆ ஒவ்வோர் ஆண்டும் (30,000 − 6,000) × 80% = 19,200 தரும், ஐந்தாண்டில் 96,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 74,400. ஆ-வுக்காக நீங்கள் கூடுதலாகக் கட்டும் பிரீமியம் மாதம் 350, ஐந்தாண்டில் 21,000.

நீரிழிவு, வலிப்பு, மூட்டுத் தேய்மானம், இதய வால்வு நோய், பூனைக்கு வரும் சிறுநீரகத் தளர்ச்சி எல்லாமே இந்தக் கணக்குதான். நீரிழிவு வந்த நாய்க்கு அநேகமாகத் தினம் இரண்டு வேளை இன்சுலின், கடைசி வரைக்கும். எந்த பாலிசியை எடைபோடும்போதும் ஒரு விபத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விட்டுப் போகாத ஒரு நோயை ஐந்தாண்டுக்கு ஓட்டிப் பாருங்கள்.

டிடக்டிபிளிலும் ஒரு சங்கதி. 3,000 என்பது 6,000-ஐவிடச் சின்னதாகத் தெரிகிறது. ஒரே ஆண்டில் காது அழற்சி 8,000, சாக்ஸை விழுங்கி வயிற்று அறுவை 60,000, பாத வெட்டுக்காயம் 5,000 என்று மூன்று பில் வந்தால்? அ மூன்று முறை கழிக்கும்: 5,000 + 57,000 + 2,000 = 64,000, அதில் 80% = 51,200. ஆ ஒரே முறை கழிக்கும்: (73,000 − 6,000) × 80% = 53,600. கண்டதையும் வாயில் போடுகிற லேப்ரடாருக்கு இப்படி ஒரு வருடம் அமைவது அரிதில்லை.

இரண்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, கழிக்கும் வரிசை. டிடக்டிபிளைக் கழித்துவிட்டு 80 சதவீதம் போடுகிறார்களா, 80 சதவீதம் போட்டுவிட்டு டிடக்டிபிளைக் கழிக்கிறார்களா? 40,000 பில்லுக்கு ஆ-வின் கணக்கில் முதல் முறைப்படி 27,200, இரண்டாம் முறைப்படி 26,000.

இரண்டாவது, வரம்பு எதற்கு? அவர்கள் தரும் தொகைக்கா, பில்லுக்கா? 1,50,000 என்பது தரும் தொகைக்கான வரம்பு என்றால் பில் 1,93,500 ஆகும் வரை கணக்கு ஓடும். பில்லுக்கான வரம்பு என்றால் கையில் கிடைப்பது அதிகபட்சம் (1,50,000 − 6,000) × 80% = 1,15,200. விளம்பரத்தில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும்.

கூடவே உள்வரம்பு அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். மொத்த வரம்பு பெரிதாக இருந்தும், எம்.ஆர்.ஐ.க்கு இவ்வளவு, ஒருநாள் உள்நோயாளிப் படுக்கைக்கு இவ்வளவு, பரிசோதனைகளுக்கு மொத்தம் இவ்வளவு என்று உள்ளே வெட்டியிருப்பார்கள். டாக்டரின் ஆலோசனைக் கட்டணம் அடங்குமா என்பதையும் தனியாகக் கேளுங்கள். அதை வெளியே வைக்கும் பாலிசிகள் உண்டு. ஒவ்வாமை நாயை அடிக்கடி காட்ட வேண்டியிருக்கும், அந்தக் கட்டணமே சேர்ந்து ஒரு தொகை ஆகிவிடும்.

---

மருந்துச்சீட்டு:

பூனை விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எழுதினால் பாலிசி கிடைக்காமல் போகாது. பெரும்பாலும் பாலிசி தருவார்கள், அந்த நோயை மட்டும் விலக்கி வைப்பார்கள். எழுதாமல் மறைத்தால்தான் ஆபத்து. பெரிய கிளைம் போட்டதும் பழைய சிகிச்சைக் குறிப்புகளை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்குவார்கள். அதில் சிறுநீரில் ரத்தம் என்று இருந்தால் அந்த கிளைம் போகும், தகவலை மறைத்ததாகச் சொல்லி பாலிசியையே ரத்து செய்யவும் வழியுண்டு.

"முன்பே இருந்த நோய்" என்றால் டாக்டர் பெயர் வைத்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தங்களில் அப்படி இருக்காது. பாலிசி தொடங்கும் முன்போ காத்திருப்புக் காலத்துக்குள்ளோ (பாலிசி தொடங்கியும் பாதுகாப்பு தொடங்காத ஆரம்ப நாட்கள்) அறிகுறி தெரிந்திருந்தாலே போதும், என்ன நோய் என்று ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தாலும் அது முன்பே இருந்த நோய்தான்.

இனி உங்கள் பூனைக்கு வருகிறேன். 10 வயதுக்குக் கீழான பூனைகளுக்கு இப்படி ரத்தம் கலந்த சிறுநீர், அடிக்கடி முக்குவது என்று வந்தால், பாதிக்கும் மேற்பட்டவற்றில் கிருமியோ கல்லோ இருக்காது. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி அது. மன அழுத்தத்தோடு தொடர்புடையது, திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஆண் பூனைக்கு சிறுநீர்த் தாரை குறுகலானது என்பதால் இது முழு அடைப்பாக மாறலாம். அடைப்பு ஏற்பட்டால் ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும் அளவுக்குப் போகும். குழாய் போடுவது, உள்நோயாளியாக வைப்பது, மறுபடி மறுபடி அடைத்தால் தாரையை அகலப்படுத்தும் அறுவை என்று செலவு பெரிது. அதாவது, அவர்கள் விலக்கப் பார்க்கும் இடத்தில்தான் உங்களுக்குக் காப்பீடு மிகவும் தேவை.

ஆகவே விலக்கும் வாசகத்தைப் பேரம் பேசுங்கள். "சிறுநீர்ப்பை அழற்சி விலக்கு" என்பதும் "சிறுநீர் மண்டல நோய்கள் அனைத்தும் விலக்கு" என்பதும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். இரண்டாவதை ஒப்புக்கொண்டால், 12 வயதில் சிறுநீரகம் தளரும்போது அதையும் இதே வரியைக் காட்டித் தள்ளலாம். வயதான பூனைகளுக்கு மிகச் சாதாரணமாக வருவது சிறுநீரகத் தளர்ச்சிதான். "மேல் சிறுநீர் மண்டலமும் சிறுநீரகமும் இந்த விலக்கில் சேராது" என்று எழுதி வாங்குங்கள். போன முறை செய்த சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் இருந்தால் இணையுங்கள். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) சரியாக இருப்பதாக வந்தால் அது உங்கள் பக்கத்துக்கு வலு.

இன்னொன்று. குணமாகும் நோய், குணமாகாத நோய் என்று பிரிக்கும் நிறுவனங்கள் உண்டு. குணமாகும் நோயென்றால், இத்தனை மாதம் அறிகுறியும் இல்லை, மருந்தும் இல்லை என்று காட்டினால் விலக்கை நீக்குவார்கள். 6 மாதம் கேட்பவர்களும் 12 மாதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. விண்ணப்பிக்கும்போதே "எப்போது மறுபரிசீலனை செய்வீர்கள்" என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன்பு ஒருமுறை டாக்டரிடம் காட்டி "சிறுநீர் அறிகுறி எதுவும் இல்லை" என்று குறிப்பில் ஏற வையுங்கள். டாக்டரிடமே போகாத பூனைக்கு நோய் இல்லை என்பதற்கு ஆதாரமும் இல்லை.

வயதையும் மனதில் வையுங்கள். நோய்க்கான புது பாலிசிக்கு 8 அல்லது 10 வயதில் கதவை மூடும் நிறுவனங்கள் இருக்கின்றன. 6 வயது என்பது தள்ளிப்போடும் வயது இல்லை.

---

மூட்டுவைத்தியம்:

லேப்ரடாருக்கு வருகிறேன். இந்த இனத்தில் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு வளர்ச்சிக் கோளாறுகளும், பின்னங்கால் முட்டியில் குறுக்கு நாண் (மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைநார்) கிழிவதும் தான் பெரிய செலவு. மூன்றும் காப்பீட்டில் தனி விதிகளோடு வருபவை.

காத்திருப்புக் காலம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்காது. விபத்துக்கு சில நாள், நோய்க்கு 14 முதல் 30 நாள் என்பது வழக்கம். முட்டி நாணுக்கும் இடுப்பு மூட்டுக்கும் 6 மாதம் வரை, சிலர் அதற்கு மேலும் வைப்பார்கள். இடுப்பு, முழங்கைக் கோளாறுகள் 4 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் அறிகுறி காட்ட ஆரம்பிக்கும். உங்கள் குட்டிக்கு இப்போது 4 மாதம். ஆறு மாதக் காத்திருப்பு என்றால் 10 மாத வயது வரை மூட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, அந்த இடைவெளியில் நொண்டினால் வாழ்நாள் விலக்கு. அ, ஆ இரண்டிலும் இந்த ஒரு வரியை முதலில் தேடுங்கள். பாலிசி தொடங்கிய சில நாளுக்குள் டாக்டர் மூட்டுகளைப் பரிசோதித்துப் படிவத்தில் கையெழுத்திட்டால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கேட்டால்தான் படிவம் தருவார்கள்.

"பரம்பரை நோய்கள், பிறவிக் குறைகள்" அடங்குமா என்பது அடுத்தது. இது விலக்கப்பட்டிருந்தால் இன நாய்க்கு அந்த பாலிசி அரை பாலிசி. லேப்ரடாருக்கு இடுப்பு போல, டாஷண்டுக்கு முதுகெலும்பு வட்டு, பக், புல்டாக் வகைகளுக்கு மூச்சுத் திணறல், டாபர்மேனுக்கு இதயத் தசை, பாரசீகப் பூனைக்கு சிறுநீரக நீர்க்கட்டி, மெய்ன் கூன் பூனைக்கு இதயத் தசைத் தடிப்பு. இந்த இனங்களுக்கு எதிர்பார்க்க வேண்டிய நோய்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விடும்.

பிறகு "இருபக்க விதி". இடது முட்டி நாண் பாலிசிக்கு முன்பே கிழிந்திருந்தால், வலது முட்டி பாலிசிக்குப் பிறகு கிழிந்தாலும் தர மாட்டார்கள். நாய்களுக்கு இந்த நாண் பெரும்பாலும் திடீர் அடியால் அறுவதில்லை, நாளடைவில் நைந்து கிழிகிறது. ஒரு காலில் கிழிந்த நாய்களில் கணிசமானவற்றுக்கு ஓரிரண்டு ஆண்டில் மறு காலிலும் கிழியும். நிறுவனங்கள் இந்த விதியை வைப்பது அதனால்தான். இடுப்பு, முழங்கை, கண், காது என்று இரட்டையாக உள்ள எதற்கும் இது பாயலாம். தேய்ந்து கிழிந்த நாணை "விபத்து" என்று கிளைம் போட்டுத் தோற்பவர்கள் நிறைய. மூட்டில் ஏற்கெனவே தேய்மானம் இருந்தால் எக்ஸ்-ரே காட்டிக்கொடுத்துவிடும்.

அதோடு, குட்டியை மெலிவாக வளருங்கள். லேப்ரடார்களில் உடல் எடை கூடுவதும் மூட்டு தேய்வதும் சேர்ந்தே போகின்றன. காப்பீடு பணத்தைத்தான் தரும், வலி நாய்க்கு.

---

லேப்குட்டி:

எல்லோருக்கும் நன்றி. மூட்டுவைத்தியம் சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். குட்டி போன வாரம் இரண்டு நாள் முன்னங்காலை லேசாக நொண்டியது. தானே சரியாகிவிட்டதால் டாக்டரிடம் காட்டவில்லை. எங்கும் பதிவு இல்லை. இதை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

---

மூட்டுவைத்தியம்:

விண்ணப்பத்தில் "நொண்டல், வலி, நடையில் மாற்றம் கவனித்ததுண்டா" என்று கேட்டிருந்தால், ஆம் என்றே எழுத வேண்டும். பதிவு இல்லை என்பதும் நிலைக்காது. நாளை மறுபடி நொண்டும்போது டாக்டர் "முன்பு எப்போதாவது இப்படி?" என்று கேட்பார். நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள், சொல்லத்தான் வேண்டும், சிகிச்சைக்கு அது தேவை. அவர் அதை எழுதுவார். அந்த ஒரு வரி போதும் கிளைமைத் தள்ள.

செய்ய வேண்டியது: விண்ணப்பிக்கும் முன்பே இந்த வாரம் டாக்டரிடம் காட்டுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றையும் மடக்கி நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தேவையென்று சொன்னால் முழங்கைக்கு எக்ஸ்-ரே. குட்டி துள்ளி விழுந்து சுளுக்கியிருக்கலாம். வளரும் பெரிய இன நாய்களுக்கு எலும்பு வலி வந்து கால் மாற்றிக் கால் நொண்டுவதும் உண்டு, அது தானே போய்விடும். முழங்கையில் கோளாறு இல்லை என்று பரிசோதனை சொன்னால் அதைக் குறிப்பில் தெளிவாக எழுதச் சொல்லி, விண்ணப்பத்தோடு இணையுங்கள். "முன்னங்கால் நொண்டல், காரணம் தெரியவில்லை" என்று மொட்டையாக நிற்கும் பதிவு, முன்னங்காலில் எது வந்தாலும் உங்களுக்கு எதிராகப் பேசும். காரணமும் எந்தக் கால் என்பதும் எழுதப்பட்ட பதிவு அந்த அளவோடு நிற்கும்.

கோளாறு இருப்பதாகத் தெரிந்தால்? அந்த மூட்டு விலக்கப்படும், மற்றதற்கு பாலிசி எடுக்கலாம். ஆனால் குட்டிக்குச் சரியான வயதில் சிகிச்சை தொடங்கும். அது எந்த கிளைமைவிடவும் பெரியது.

---

கிளைம்மேசை:

பாலிசியைத் தேர்ந்தெடுப்பதை நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். எடுத்த பிறகு பணம் கைக்கு வராமல் போவது எதனால் என்று சொல்கிறேன், ஏனென்றால் நிராகரிப்புகளில் பல நோயைப் பற்றியதே அல்ல, காகிதத்தைப் பற்றியவை.

பெரும்பாலான பாலிசிகளில் முழு பில்லையும் நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும். மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் வசதி இருந்தால் அது எந்த மருத்துவமனைகளில் என்று பட்டியல் கேளுங்கள். இரவுநேர அவசர சிகிச்சை தரும் மருத்துவமனை அதில் இல்லையென்றால் அந்த வசதியால் பெரிய பயனில்லை.

பில் பிரித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். "சிகிச்சை: 60,000" என்ற ஒற்றை வரி பில் திரும்பி வரும். மயக்க மருந்து, அறுவை, தையல் பொருள், எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை, படுக்கை, மருந்து எல்லாம் தனித்தனி வரி. பிராணியின் பெயர், வயது, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) எண் பில்லிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வதேசத் தரச் சிப் எண் 15 இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும் "இது காப்பீடு செய்த பிராணிதானா" என்று கேட்டு நிறுத்துவார்கள். சிப்பை டாக்டரிடம் ஸ்கேன் செய்து, பாலிசியில் அச்சான எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அறிகுறி எப்போது தொடங்கியது என்று டாக்டரிடம் சொல்லும்போது தேதியோடு சொல்லுங்கள். "கொஞ்ச நாளாகவே" என்று சொன்னால் அப்படியே எழுதிவிடுவார். காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் அதைக் காத்திருப்புக் காலத்துக்குள் கொண்டுபோய் வைப்பார். பொய் சொல்லச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கியது என்றால் செவ்வாய்க்கிழமை என்றே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் குறிப்பின் நகலை வாங்கிப் படியுங்கள். பிழை இருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லித் திருத்தக் குறிப்பு சேர்க்கச் சொல்ல வேண்டும். கிளைம் தள்ளப்பட்ட பிறகு திருத்தினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

தடுப்பூசி அட்டையில் இடைவெளி இருந்தால், பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநோய் போன்று ஊசியால் தடுக்கக்கூடிய நோய்க்குத் தர மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பல் பரிசோதனை செய்யவில்லை என்று பல் கிளைமைத் தள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு. டாக்டர் "பல் சுத்தம் செய்ய வேண்டும்" என்று எழுதி நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால் அதுவும் சேரும்.

திட்டமிட்ட அறுவை என்றால் முன் அனுமதி கேளுங்கள். டாக்டரின் மதிப்பீட்டுச் செலவையும் எக்ஸ்-ரேயையும் அனுப்பினால் எவ்வளவு தருவோம் என்று எழுத்தில் சொல்லிவிடுவார்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். இறப்புக்கும் தொகை தரும் பாலிசி என்றால் 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்கச் சொல்லலாம், பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்கலாம். அந்த நேரத்தில் யாருக்கும் ஒப்பந்தத்தைப் புரட்டத் தோன்றாது, எனவே இப்போதே படித்து வையுங்கள்.

தள்ளப்பட்டால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். "முன்பே இருந்த நோய்" என்று சொன்னால் எந்தத் தேதிக் குறிப்பை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு டாக்டரிடம் அந்தப் பழைய அறிகுறிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இல்லை என்பதற்கு மருத்துவக் காரணத்தோடு கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். இரண்டு வருடம் முன்பு ஒருமுறை வாந்தி எடுத்ததைக் காட்டி இன்றைய கணைய அழற்சியைத் தள்ளினால், அப்படிப்பட்ட கடிதத்துக்கு முன்னால் அது நிற்பது கடினம்.

---

கணக்குநோட்டு:

வெல்னெஸ் இணைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. அது காப்பீடு இல்லை, தவணை முறையில் நீங்களே கட்டும் பணம். மாதம் 250 என்றால் ஆண்டுக்கு 3,000. அதன் அட்டவணையை எடுத்து, இந்த ஆண்டு நிச்சயம் செய்யப்போகிற வரிகளுக்கு மட்டும் டிக் போட்டுக் கூட்டுங்கள். தடுப்பூசிக்கு 1,200, குடற்புழு மருந்துக்கு 600, பல் சுத்தத்துக்கு 2,000 தருவதாக வையுங்கள். பார்க்க 3,800, லாபம் போலிருக்கிறது. பல் சுத்தத்துக்கு மயக்க மருந்து தேவை, முதல் ஆண்டில் குட்டிக்கு அது யாரும் செய்யப்போவதில்லை. மீதி 1,800. உங்களுக்கு 1,200 நஷ்டம். கருத்தடை அறுவைக்கும் அந்த இணைப்பு தருகிறது, இந்த ஆண்டே செய்யப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறலாம். அப்போது ஓர் ஆண்டுக்கு எடுத்துவிட்டு நிறுத்த முடியுமா என்று கேளுங்கள்.

காப்பீடு இல்லாமல் பணத்தைச் சேர்த்து வைத்தால் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும், அதனால் முன்கூட்டியே: மாதம் 950 சேர்த்தால் அந்த 60,000 வயிற்று அறுவைக்கு 64 மாதம் ஆகும். சாக்ஸ் ஆறாவது மாதமே வயிற்றுக்குள் போகும். ஆனால் சேமிப்பே வேண்டாம் என்பதும் தவறு. ஆ-வில் வரம்பு முழுதும் போகும் ஒரு மோசமான ஆண்டில் உங்கள் பங்கு எவ்வளவு? வாலாட்டி சொன்ன 1,93,500 பில்லில் 1,50,000 போக 43,500. அவ்வளவும் கையில் வேண்டும். முழு பில்லையும் முதலில் கட்ட ஒரு வழியும் வேண்டும். சேமிப்பு 43,500-ஐத் தாண்டியதும் டிடக்டிபிளை உயர்த்திப் பிரீமியத்தைக் குறைக்கலாம். சின்ன பில்லை நீங்கள் தாங்குங்கள், பெரியதைக் காப்பீட்டிடம் விடுங்கள்.

950 என்பது இந்த ஆண்டுப் பிரீமியம் மட்டும். நாயின் வயது கூடக் கூட ஏறும், நீங்கள் கிளைம் செய்யாவிட்டாலும் ஏறும். 8 வயதுக்கு அருகில் 80 சதவீதத்தை 60 ஆகக் குறைக்கும் பிரிவு உள்ள பாலிசிகள் உண்டு. அதே நிறுவனத்தில் 5 வயது, 9 வயது லேப்ரடாருக்கு இன்று என்ன பிரீமியம் என்று கொட்டேஷன் போட்டுப் பாருங்கள். எதிர்காலம் துல்லியமாகத் தெரியாது, ஏற்றத்தின் சாய்வு தெரியும். 9 வயதில் கட்ட முடியாமல் விடப்போகிற பாலிசியை இன்று எடுத்தால், தேவைப்படும் வயதில் கையில் பாலிசி இருக்காது.

---

லேப்குட்டி:

குட்டிக்கு ஆ என்று முடிவு செய்துவிட்டேன். மூட்டுக்கான காத்திருப்பு அதில் 6 மாதம்தான், பரிசோதனைப் படிவம் கொடுத்தால் 14 நாளாகக் குறைப்பார்களாம். நாளை காலை டாக்டரிடம் போகிறோம். ஒரே ஒரு கேள்வி பாக்கி. அடுத்த வருடம் இதைவிட நல்ல பாலிசி வந்தால் மாறலாமா?

---

வாலாட்டி:

குட்டிக்கு அதுவரை எந்த நோயும் பதிவாகவில்லை என்றால் மாறலாம். ஏதாவது பதிவாகியிருந்தால் புது நிறுவனத்துக்கு அது முன்பே இருந்த நோய், காத்திருப்புக் காலமும் முதலிலிருந்து தொடங்கும். மாறுவதாக இருந்தால் புதியதன் காத்திருப்பு, மூட்டுக்கான நீண்ட காத்திருப்பு உட்பட, முடியும் வரை பழையதை நிறுத்தாதீர்கள். இரண்டு பிரீமியமும் சில மாதம் ஓடும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒரே பில்லை இரண்டு இடத்திலும் முழுதாகக் கேட்க முடியாது.

நாளை கிளம்பும் முன் பரிசோதனைப் படிவத்தை அச்சடித்துக் கையோடு கொண்டுபோங்கள். சில நிறுவனங்கள் பாலிசி தொடங்கிய தேதிக்குப் பிறகு செய்த பரிசோதனையை மட்டுமே ஏற்கும். அப்படியென்றால் நாளைக்கு நொண்டலை மட்டும் காட்டிப் பதிவு வாங்குங்கள், படிவத்துக்கு இன்னொரு நாள் போக வேண்டியிருக்கும். எது என்று இன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.